மஞ்சக்குப்பம் மாடியில் ஒரு ரிப்பீட்டர்

சுனாமியன்று என் மச்சான் கடலூர்க் கரையில் கையடக்க வயர்லெஸ்ஸோடு நின்றான். நான் சிதம்பரத்தில் மொட்டை மாடியில் நின்றேன். அவன் பேசியது எதுவும் எனக்கு எட்டவில்லை. அவன் அக்கா, என் மனைவி, பொழுது சாயும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அவனும் ஆசைக்கு ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவர்கள். இனி ஒரு ரிப்பீட்டர் வேண்டும் என்று முடிவு செய்தோம். மெலிந்த குரலை உயரத்தில் வாங்கி உரக்கத் திருப்பிச் சொல்லும் பெட்டி.

அதற்கு, சிக்னலைப் பெருக்கி அனுப்பும் ஆம்ப்ளிஃபையர் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. மூடிப்போன ஏதோ ஆலை, தன் லாரிகளோடு பேச வைத்திருந்தது. நல்ல கனம், முதுகெல்லாம் சூடு தணிக்கும் அலுமினியச் செதில். அதன் அலைவரிசை எங்களுடையதற்கு மேலே இருந்தது. மூங்கில் குச்சியால் உள்ளிருந்த கம்பிச் சுருள்களை நெருக்கி, மீட்டர் முள்ளைப் பார்த்து, மறுபடி நெருக்கி, ஒரு மழைக்காலம் முழுக்க அதைக் கீழே இறக்கினேன்.

லாரிக்காரனிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு ஓய்ந்துவிடும் பெட்டி அது. ரிப்பீட்டரில் ஓய்வு கிடையாது. ஒருவர் விட்டால் இன்னொருவர். அதனால் சூடேறி எரிந்துவிடாமலிருக்க, பாதி பவருக்கு மேல் ஏற்றுவதில்லை என்று பேசி, மஞ்சக்குப்பத்தில் அவன் வீட்டு மாடியில் வைத்தோம்.

சில வருஷம் கழித்து சிக்னல் திடீரென்று ஜாஸ்தியானது. காரைக்கால்காரர்கள்கூட அவனைப் பாராட்டினார்கள். என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"நா ஒண்ணும் பண்ணல மாமா. கடக்காத்து. இந்த சீசன்ல அப்புடித்தான் தூக்கும்."

கரையோரத்தில் கடல்காற்று சிக்னலை அப்படித் தூக்குவது உண்டுதான். நம்பினேன். குரலைச் சுமந்து வரும் அந்தக் காற்றைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினேன். படித்துவிட்டு நல்லா இருக்கு என்றான்.

2011 முடியும்போது தானே புயல் வந்தது. எல்லோரும் ஓயாமல் பேசினார்கள். காற்று உச்சத்துக்கு வருமுன்பே ரிப்பீட்டர் ஊமையானது. போனும் செத்தது. காற்று அடங்கியதும் ஸ்கூட்டர் பேட்டரியில் வயர்லெஸ்ஸை மாட்டி, ரிப்பீட்டர் இல்லாமல் செட்டுக்குச் செட் பேசும் நேரடி அலைவரிசையில் நானும் மனைவியும் காத்திருந்தோம். வெகுநேர இரைச்சலுக்குப் பின் அவன் குரல். வீட்டிலிருக்கும் பெரிய செட்டில், பண்ருட்டி நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தான்.

"ஆம்ப்ளிஃபையர் எரிஞ்சிபோச்சுண்ணே. ரெண்டு வருஷமா ஃபுல் பவர்லதான் ஓட்டுனேன், தாங்குச்சு. இப்ப போனது எங்க மாமா ட்யூன் பண்ண லட்சணம். கவிதை எழுதுறவர்கிட்ட குடுத்தா?"

பண்ருட்டிக்காரர் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அது எனக்கு விழவில்லை. பதில் விழுந்தது.

"அவருக்கா? ரிப்பீட்டர் இல்லாம அவருக்கு எங்க கேக்கப்போவுது."

பொத்தானை அழுத்தி, கேக்குது மச்சான் என்றேன். என் சின்ன செட் அவ்வளவு தூரம் போகாது என்று தெரியும். மறுபடி சொன்னேன். பக்கத்தில் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தம்பி உயிரோடு இருக்கிறான். என்ன பேசினான் என்பது அவள் காதில் ஏறவே இல்லை.

பொத்தானை அழுத்தியிருக்கும்வரை எதிர்க்குரல் வராது. அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"கைய எடுங்க," என்றாள். "அவன் பேசட்டும்."