காயத்துக்கு முந்தின கட்டு

பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தான் சிவபாண்டி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, ஓரம் பிசகாமல், தீக்குச்சிப் பருமனுக்கு. தன்னுடையதை முடித்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மகன் கையிலிருந்ததையும் வாங்கிச் சுருட்டினான். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி சுருட்டுவது அவன் பிழைப்பு. தறியிலிருந்து இறங்கும் மெல்லிய துணியை வெட்டி, இறுக்கிச் சுருட்டி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற இடம் அது. வேலை முடிந்தாலும் விரல் முடியாது. டீக்கடைப் பேப்பர், துண்டின் நுனி, எது அகப்பட்டாலும் சுருண்டுவிடும்.

ராஜபாளையத்தில் அவன் மட்டும் இருக்கிறான். மனைவி நாகஜோதியும் பிள்ளைகள் இரண்டும் மம்சாபுரத்தில், அவள் பிறந்த வீட்டில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐயனார் கோவில் ஆற்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனவன், சேக்காளிகளோடு சீட்டாட உட்கார்ந்துவிட்டான். சின்னவன் கபிலேஷ் பாறையில் வழுக்கிக் கையை ஒடித்துக்கொண்டான். “நான் பக்கத்துலதான் நின்னேன், கண்ணு மூடித் தெறக்கதுக்குள்ள விழுந்துட்டான்” என்று வீட்டில் சொன்னான் சிவபாண்டி. மூத்தவள் முனீஸ்வரி, “இல்லம்மா, அப்பா சீட்டு வெளையாடிக்கிட்டு இருந்தாரு” என்று போட்டு உடைத்துவிட்டாள். ஒடிந்த கையைக்கூட நாகஜோதி பொறுத்திருப்பாள். அந்தப் பொய்யைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. பெட்டியைக் கட்டிவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் அவளுடைய அண்ணன் விஜயபாண்டி நடுவில் நின்று பேசி, பள்ளிக்கூட லீவுக்கு லீவு ஒரு நாள் பிள்ளைகளை அப்பா கூட்டிப் போகலாம் என்று முடிவாயிற்று. இந்தக் காலாண்டு லீவுதான் முதல் தடவை. காலையில் கதவுக்கு உள்ளே நின்றபடி நாகஜோதி ஒரே வார்த்தைதான் சொன்னாள். “பிள்ளைக மேல ஒரு கீறல் இருந்துச்சுன்னா இதுவே கடைசி.” அதை அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னாள். கேட்க வேண்டியவனுக்குக் கேட்டுவிட்டது.

பிள்ளைகள் கேட்டது ஸ்கேட்டிங். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் புதிதாகச் சிமெண்டுச் சரிவு போட்டு, சக்கரச் செருப்பு வாடகைக்குத் தருகிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமை. பஸ் முழுக்க, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருவண்ணாமலைக் குன்றுப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம். அந்த நெரிசலிலும் மடியில் ஒரு மஞ்சள் பையை அணைத்தபடி வந்தான் சிவபாண்டி. முறுக்கு என்று நினைத்துக் கபிலேஷ் இரண்டு தடவை கையை விட்டுப் பார்த்தான். உள்ளே அத்தனையும் பேண்டேஜ் சுருள்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்று சொல்லி வைத்தார்கள். இந்த மனுஷன் காயம் வருமுன் கட்டுப் போடுகிறவன். போய்ச் சேர்ந்ததும் சரிவின் ஓரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து, முட்டியைச் சுற்றி, சுற்றுக்கு மேல் சுற்றாக அவன் கட்டத் தொடங்கியதும் அங்கே நின்ற தாய்மார்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“என்னண்ணே, ஆக்சிடெண்டா?” என்றாள் ஒருத்தி.

“இன்னும் இல்ல. அடிபட்ட பொறவு கட்டுறது ஆஸ்பத்திரிக்காரன் வேல. நம்ம முந்திக்கிடணும்ல.”

“அப்பா, எல்லாரும் பாக்காக” என்று முனங்கினாள் முனீஸ்வரி. ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு மானம் பெரிது.

“பாத்தா பாத்துட்டுப் போறாக. செத்த நேரம் அசையாம இரு தாயி.”

சரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண் பாண்டிசெல்வி பிளாஸ்டிக் முட்டிக்காப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். “வேர்க்கும்மா. காத்துப் போகாது.” பிள்ளைகள் எழுந்து நின்றபோது இரண்டும் கால் மடங்காமல் தேர்முட்டித் தூண் மாதிரி நின்றன. பாண்டிசெல்விக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். “அண்ணே, முட்டி மடங்கலைன்னாத்தான் விழுவாக. பாதியாவது அவுத்து விடுங்க.” பாதி உயிரை அவிழ்க்கிறவன் போலத்தான் அவிழ்த்தான். அவிழ்த்ததை மறுபடி சுருட்டிப் பையில் வைத்தான்.

பிறகு பிள்ளைகள் ஓடின. விழுந்தன, எழுந்தன, சிரித்தன. சிவபாண்டி உட்காரவே இல்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. சரிவின் ஓரத்திலேயே கூடக் கூட நடந்தான். கபிலேஷின் செருப்பு வார் கழன்றபோது மட்டும் குனிந்தான். அந்த நேரம் பின்னால் எங்கோ தொப்பென்று சத்தம். திரும்பினால், முனீஸ்வரி அதற்குள் எழுந்து நின்று சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

“விழுந்துட்டியாட்டி?”

“இல்லப்பா. சும்மா உக்காந்தேன்.”

அவன் முட்டியைப் பார்த்தான். கட்டின்மேல் தூசி படிந்திருந்தது, அவ்வளவுதான். வயிற்றில் பால் வார்த்தது.

சாயங்காலம் மம்சாபுரம். பிள்ளைகளைப் பத்திரமாகச் சேர்த்துவிட்ட பூரிப்பில் ஒன்றை அடியோடு மறந்துவிட்டான். முட்டியில் கட்டு அப்படியே இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போன கதைதான். வாசலுக்கு வந்த நாகஜோதி வெள்ளைக் கட்டோடு வருகிற பிள்ளைகளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

“அண்ணே, பாத்தியளா. ரெண்டு பிள்ளைக்கும் முட்டியப் பேத்துக் கூட்டிட்டு வந்திருக்காக.”

“அய்யோ, அது அடி இல்ல...” என்று தொடங்கினான் சிவபாண்டி. ஒரு தடவை பொய் சொன்ன வாய். இப்போது உண்மையைச் சொன்னாலும் யார் நம்புவார்கள் என்று அவனுக்கே தோன்றிவிட்டது.

முனீஸ்வரி படியில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள். கபிலேஷுக்கும் அவளே அவிழ்த்தாள். “பாரும்மா, ஒரு கீறல்கூட இல்ல. விழுறதுக்கு முந்தியே கட்டிவிட்டாரு. அங்க எல்லாரும் சிரிச்சாக.” முட்டிகள் நான்கும் பழுதில்லாமல் இருந்தன. விஜயபாண்டி சிரிப்பை மறைக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். நாகஜோதியின் முகம் கொஞ்சம் இளகியது. அடுத்து வரும் அரைப்பரீட்சை லீவும் கைக்கு வந்துவிட்டது என்று சிவபாண்டிக்குத் தெரிந்துபோயிற்று.

அப்போதுதான் அதைப் பார்த்தான். அவிழ்த்த துணியை மகள் சுருட்டிக்கொண்டிருந்தாள், ஓரம் பிசகாமல், அவனைப் போலவே. முழங்கைப் பக்கம் சட்டையில் ஒரு கருஞ்சிவப்புத் திட்டு. அவன் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். வேண்டாம் என்று தலையை மட்டும் லேசாக ஆட்டினாள். அன்றைக்கு உண்மையைச் சொன்ன பிள்ளை, இன்றைக்கு அவனுக்காக மறைக்கிறது.

“நாகஜோதி” என்றான். பேர் சொல்லிக் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. “பிள்ளைக்கு வலது முழங்கையில அடி. விழுந்தப்ப நான் பாக்கல. சின்னவனுக்குச் செருப்ப மாட்டி விட்டுக்கிட்டு இருந்தேன்.”

மஞ்சள் பையிலிருந்து பிரிக்காத சுருள் ஒன்றை எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

நாகஜோதி மகளின் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டாள். தோல் உரிந்து சிவந்திருந்தது. செம்பில் தண்ணீர் எடுத்து வந்து, கழுவி, முந்தானையால் ஒற்றினாள். அவன் நீட்டிய சுருளை வாங்கவில்லை. மகளின் கையைப் பிடித்து அவன் பக்கமாக நீட்டினாள்.