ஆறு விநாடி நாடாவும் ஏழு சாயாவும்

என் தபலாக்காரன் வளைகுடாவுக்குக் கப்பல் ஏறியபோது, தனக்குப் பதிலாக ஒரு பழைய ஸ்பூல் டேப் ரிக்கார்டரை என்னிடம் விட்டுப் போனான். “இது லீவு கேக்காது, பிரியாணி கேக்காது” என்றான். எழுபதுகளின் கடைசி அது. கொச்சி மட்டாஞ்சேரியில் பாதிப் பேர் போய்க்கொண்டிருந்தார்கள். தாளம் போடுகிறவர்களாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

நான் அங்கே யூதத் தெருவான ஜூ டவுனில் ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டைக்கு எடை பார்ப்பவன். ஞாயிறு மதியம் மட்டும் கிட்டார்க்காரன். வாசிக்கும் இடம் ஒரு மிளகுத் தரகரின் மாடி அறை. அண்ணன் என்கிற முறையில் எல்லோருக்கும் அவர் இக்கா. தன்னையும் சேர்த்து ஏழு பேரை உட்காரவைத்துப் பாட்டுக் கேட்பார். வாசிப்பு பிடித்திருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். பிடிக்கவில்லை என்றால் ஜன்னல் வழியாக எதிர் டீக்கடைக்குக் குரல் கொடுப்பார்: “சேட்டா, ஏழு சாயா!” கேட்கிறவர்களுக்கு ஏழு, வாசித்தவனுக்குக் கிடையாது. குடித்துவிட்டு எல்லோரும் எழுந்துவிடுவார்கள். வாசித்தவனை அடுத்த ஞாயிறு கூப்பிட மாட்டார்கள்.

தபலாக்காரன் இருந்தவரை என் வாசிப்புக்கு நடுவில் சாயா வந்ததே இல்லை. தனியாகப் போனால் நிச்சயம் வரும் என்று பயந்தேன். வாரம் முழுவதும் மிளகுத் தூசியில் தும்முகிறவனுக்கு அந்த மாடியை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

ஆகவே அவன் விட்டுப் போன பெட்டிக்குத் தாளம் பழக்கினேன். ஒன்றேகால் முழம் டேப் நாடாவை வெட்டி, இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி, ரிக்கார்டருக்குள் நுழைத்து, மீதியை ஒரு மைப்புட்டியைச் சுற்றி இழுத்து நிறுத்துவேன். கிட்டாரின் வயிற்றில் நான் தட்டுகிற தாளம் ஆறு விநாடி பதிவாகும். பிறகு பொத்தானை மாற்றினால் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லும். அதன் மேல் நான் பாட்டை வாசித்துக்கொள்ளலாம்.

சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. பொத்தானை மாற்றக் கை வேண்டுமே, என் இரண்டு கையும் கிட்டாரில். கால் பெருவிரலால் அழுத்திப் பழகினேன். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். கொஞ்சம் தாமதித்தால் தாளத்தின் தலையை அதன் வாலே தின்றுவிடும். மழைக்காலத்தில் நாடா தொய்ந்து போகும். கரண்ட் குறைந்தால் தாளம் கொட்டாவி விடும். தப்பாகப் பதிந்ததை மட்டும் அழிக்க வழியே இல்லை. மிதிக்க ஒரு கட்டை, அழிக்க ஒரு பொத்தான், ஒரு தாளத்தின் மேல் இன்னொன்றை ஏற்ற ஒரு வழி, இதெல்லாம் உள்ள பெட்டி அங்கே கிடைக்குமா என்று தபலாக்காரனுக்குக் கடிதம் எழுதினேன். “நீ கேக்குற பெட்டிக்குப் பேரு தபலாக்காரன்டா” என்று பதில் போட்டான்.

ஒரு ஞாயிறு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன். ரிக்கார்டரை ஜன்னலோரம் வைத்து, சத்தத்தை முழுசாகத் திருகி, பெருவிரலை நீட்டிக்கொண்டு கிட்டாரைத் தட்ட ஆரம்பித்தேன். பாட்டுக்குக் காத்திருந்த இக்காவுக்கு வெறும் தட்டலைக் கேட்கப் பொறுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“சேட்டா, ஏழு சாயா!”

சரியாக அந்த ஆறு விநாடிக்குள் சொல்லிவிட்டார், பாவி மனிதர். வாழ்க்கையிலேயே முதல் முறையாக என் பெருவிரலும் நேரம் தவறாமல் அழுத்திவிட்டது.

தக திமி தக, “சேட்டா, ஏழு சாயா!” தக திமி தக, “சேட்டா, ஏழு சாயா!” எனக்கான தீர்ப்பைப் பெட்டி விடாமல் வாசித்தது. நிறுத்தினால் தாளமும் போய்விடுமே என்று நான் அதன் மேலேயே வாசித்துக்கொண்டிருந்தேன்.

தன் குரலைப் பெட்டியில் கேட்டே அறியாத இக்காவுக்கு ஆள் பிடிபடவில்லை. “யாருடா அது, என் வீட்டில இருந்துகிட்டு சாயா கேக்கறது? அதும் இத்தன மோசமான சத்தத்தில!” என்று சீறினார். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

எதிர்க் கடைச் சேட்டனோ இக்கா கோபத்தில் கத்துகிறார் என்று நினைத்து ஏழு கிளாஸோடு ஓடி வந்தார். இறங்கும்போது மறுபடி குரல் கேட்க, இன்னும் ஏழு. மூன்றாவது ஏழோடு மூச்சு வாங்க வந்து நின்றார். “இக்கா, ஒரு தடவ பறஞ்ஞா போதும். எனிக்குச் செவி கேக்கும்.”

நான் வெட்கத்தில் நாடாவைப் பிடுங்கி எறிந்தேன். கிட்டாரை உறையில் வைக்கப் போனபோது இக்கா தடுத்தார். வந்த சாயாவை மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருப்பது அந்த வீட்டில் மரியாதை இல்லை.

“இருபத்தொண்ணும் தீரணுமில்லே? சும்மா இருந்து குடிக்கவா? வாசி.”

தாளமில்லாமல் வாசித்தேன். ஓரிடத்தில் மெதுவானேன். அப்போது யாரோ காலி கிளாஸை நகத்தால் தட்டும் ஓசை. நான் மெதுவாக, அதுவும் மெதுவானது. நிமிர்ந்து பார்த்தால் இக்கா! பிறகு மற்ற ஆறு கிளாஸும் சேர்ந்துகொண்டன. நான் ஓடினால் ஓடின, நின்றால் நின்றன. கடிதத்தில் நான் கேட்க மறந்த வசதி அதுதான். கடைசி ஏழு சாயாவும் ஆறிப்போய்க் கிடந்தன, யாரும் எழவில்லை. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனாலும் சாயா வந்தது வந்ததுதானே. இனி கூப்பிடுவாரா என்று வாரம் முழுக்க மனசு அடித்துக்கொண்டது. சனிக்கிழமை கிடங்குக்கு இக்காவின் ஆள் வந்து, நாளைக்கு வரச் சொல்லிவிட்டுப் போனான். பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

மாடியேறினால் தீர்ப்பு தயாராக இருந்தது. பாயில் சாயா கிளாஸ்கள் ஆவி பறக்க வரிசையாக இருந்தன. நான் கிட்டாரை இன்னும் உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

“இரி” என்றார் இக்கா. “முதல்ல குடிச்சிடலாம். நடுவில இனி யாரும் சாயா கேக்கப்பிடாது.”

எண்ணிப் பார்த்தேன். எட்டு கிளாஸ் இருந்தது.