கஞ்சி போட்ட சாக்ஸ்

மருந்துக்கடை பெலிண்டாவுக்கு நல்லுசாமி இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் கடன்பட்டிருந்தார்.

மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். துறையூரிலிருந்து ஒற்றைச் சட்டையோடு பஸ் ஏறி, திருவானைக்காவலில் ஒரு தோசைக் கடையில் எச்சில் தட்டுக் கழுவி, மாவாட்டி, தோசை ஊற்றி, கடைசியில் அந்தக் கடையையே விலைக்கு வாங்கியவர். அவர் தோசையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பேப்பர் படிக்கலாம். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு ஜோடி சாக்ஸுக்குக் கடன்பட்டார் என்றால் யார் நம்புவார்கள்?

முப்பத்தெட்டு வருஷம் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்ற கால். நரம்பெல்லாம் புடலங்கொடியாய்ச் சுருண்டுவிட்டது. சாயங்காலமானால் கணுக்கால் இருக்கும் இடமே தெரியாது.

"வெரிகோஸ் சாக்ஸ் போட்டா நிக்கலாம். போடலன்னா புண்ணாயிடும். அப்புறம் கல்லாவுல உக்காந்துக்க வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

கல்லாவிலா! அங்கே இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பது அவர் மனைவி ராசாத்தி. இன்னொருவன் தோசை ஊற்ற, தான் சில்லறை பொறுக்குவதா? பெலிண்டா டேப் வைத்துக் காலை அளந்து கொடுத்ததை அன்றே வாங்கினார். ராசாத்திதான் காசு எடுத்துக் கொடுத்தாள்.

"தங்கக் காப்பு மாதிரி பாத்துக்குங்க" என்றாள் ராசாத்தி.

அதைவிட மேலாகவே பார்த்துக்கொண்டார். விடிந்ததும் கால் தரையில் படுமுன், பாயிலேயே உட்கார்ந்து, மல்லுக்கட்டி முழங்கால்வரை ஏற்றிவிடுவார். ஒரே வாரத்தில் கணுக்கால் எலும்பு பல வருஷம் கழித்து முகம் காட்டியது. வேட்டியைத் தூக்கி, சாம்பாருக்குக் காத்திருந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

தன் வேட்டிக்குக் கஞ்சி போடுவதை அவர் யாரிடமும் விடமாட்டார். இத்தனை மரியாதைக்குரிய சாக்ஸுக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்யலாமா? கெட்டிக் கஞ்சியில் முக்கி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, சூடாக ஒரு இஸ்திரியும் போட்டார். சாக்ஸ் ஆள் இல்லாமலே எழுந்து நின்றது! இழுத்தால் அப்பளமாய் நொறுங்கும் சத்தம். காலில் ஏற்றினால் தொளதொளவென்று கீழே வந்து விழுந்தது. அதைப் பரணில் ஒளித்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடினார்.

"சாக்ஸுக்கு யாராச்சும் இஸ்திரி போடுவாங்களா அண்ணே? சூடு பட்டா ரப்பர் இழை செத்துடும். வெதுவெதுப்பான தண்ணியில கசக்கி நிழல்ல போடணும்."

"என் வேட்டி மடிப்புல கைய வச்சா வெட்டும், தெரியுமா?"

"அதுக்காக கால வெட்டிக்கப் போறீங்களா?"

"இன்னொரு ஜோடி குடும்மா. காசு... அப்புறம் தரேன்."

"ஐயோ, நீங்களா கடன் கேக்குறீங்க?"

"மெதுவா பேசும்மா! ராசாத்தி காதுல விழுந்தா கால் தப்பிச்சாலும் தலை தப்பாது."

கல்லாவில் கை வைக்க முடியாது. கடைக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமை, தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, துறையூரில் காண்டிராக்டர் வீரமலை சமையல் எடுத்திருந்த கல்யாண வரவேற்பில் தோசை ஊற்றப் போய் நின்றார். நாலு மணி நேரம், ஒற்றை ஆள், நானூறு தோசை! முடித்துவிட்டு வேட்டியைத் தூக்கிப் பார்த்தார். வீக்கம் இல்லை. மண்டபத்தில் பேண்டு முழங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் தோழர்களை ஓரங்கட்டிவிட்டு நடுவில் புகுந்து ஆடினார். வீரமலை மூவாயிரம் ரூபாயைச் சட்டைப்பையில் திணித்து, "போதும் மாமா, பொண்ணு வீட்டுக்காரங்க பாக்குறாங்க!" என்று இழுத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை பெலிண்டா காசை வாங்காமல் சிரித்தாள்.

"ராசாத்தி அக்கா நேத்தே குடுத்துட்டாங்க அண்ணே. வெல்லப் பானைய எடுக்கப் பரண்ல ஏறுனாங்களாம். ரெண்டு கால் மட்டும் நிமிந்து நின்னுச்சாம். அலறிட்டாங்களாம்!"

நல்லுசாமி கடைக்குத் திரும்பினார். ராசாத்தி கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"வீரமலை போன் பண்ணுச்சு. தங்கச்சி வீட்டுல தோசை நல்லா முறுகலா வந்துச்சா?"

சட்னி பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

"நானூறு ஊத்துனேன். கால் ஒரு பொட்டு வீங்கல, பாரு!"

"கால அப்புறம் பாக்குறேன்" என்று அவள் உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

அவர் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் ஐந்தை ஒவ்வொன்றாக வைத்தார். பிறகு நூறு ரூபாய்த் தாள்கள். ஒன்று. இரண்டு. மூன்று.