ஒரு கையால் திறக்கும் பூட்டு

பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேனை ஓட்டுவதால், தெருவுக்கே அவர் வேன்காரம்மா. ஒரு திங்கட்கிழமை காலை, வேன் ஷெட்டின் பூட்டு வெட்டுப்பட்டுக் கிடந்தது. உள்ளே பேட்டரியும் ஜாக்கியும் போயிருந்தன.

மாலையே பூட்டுக் கடைக்குப் போனார். கடைக்காரர் கனமான உருண்டைப் பூட்டு ஒன்றை எடுத்து வைத்தார். "வளையம் வெளியவே தெரியாதும்மா. கட்டர் வாய் நுழையாது."

"இதை ஒரு கையால தொறக்க முடியுமாங்க?"

"ஒரு கையாலயா?" என்றார் கடைக்காரர்.

"எங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது கை விளங்காம போச்சு. காலைல ஷெட்டைத் தொறந்து வண்டியைத் துடைக்கிறது அவர் வேலை. அதையும் பிடுங்கிட்டா மனுஷன் ஒடைஞ்சு போயிடுவாரு."

கடைக்காரர் தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு கொக்கியில் அந்தப் பூட்டை மாட்டிச் சாவியைத் திருப்பினார். பூட்டும் சேர்ந்தே சுழன்றது.

"இது சரிப்படாதும்மா. தொங்குற பூட்டுன்னா இன்னொரு கையால பிடிக்கணும். கதவுலயே பதிக்கிறதைத் தர்றேன். சுத்தி இரும்புத் தகடு வச்சுட்டா கடப்பாரையும் ஏறாது."

மறுநாள் வெல்டர் வந்து பொருத்திவிட்டுப் போனார். வேனுக்குப் புதுப் பேட்டரியும் வந்தது. அதற்கடுத்த காலை, கணவர் சாவியோடு இறங்கிப் போனபோது கூடவே ஓட வேன்காரம்மாவுக்குக் கால் பரபரத்தது. அடக்கிக்கொண்டு அடுப்படியிலேயே நின்றார். கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

"ஏம்மா, பூட்டு வெண்ணெய் மாதிரி திரும்புது!" என்று அவர் கத்தினார்.

"பூட்டைக் கொஞ்சினது போதும், வண்டியைத் துடைங்க. நேரமாச்சு," என்றார் வேன்காரம்மா.