ரோதமுனிக்கு வைத்த விளக்கு

மாலை நாலு பத்துக்கு ஸ்டோரின் முன்கதவுக்கு அடியிலிருந்து செம்மண் தண்ணீர் உள்ளே வருவதைப் பார்த்தேன். கொழும்பில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிறவன் நான். பார்த்ததை மட்டும் சொல்லிப் பழகியவன், சாமி, பேய் எதையும் நம்பியதில்லை. நீங்களும் நம்ப வேண்டாம், கேட்டால் போதும்.

ஸ்டோர் என்றால் ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று மட்டும் சுவரோடு நிற்கிறது, தோட்டத்தில் அதை ரோதை என்பார்கள். அதைக் காக்கும் சாமிதான் ரோதமுனி. முன்பு அப்பா விளக்கு வைத்தார். இப்போது கொழுந்து பறித்துவிட்டு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பும் வழியில் என் அக்கா வைக்கிறாள், ஒருநாளும் தவறியதில்லை. தேயிலைத் தூளில் தீப்பிடிக்கும் என்று அந்தக் காலத்திலேயே ஒரு கட்டுப்பாடு இருந்தது. விளக்கு வைத்தவர் அது தானாக அணையும்வரை அங்கேயே இருக்கவேண்டும், ஊதி அணைக்கக்கூடாது.

விடுமுறைக்கு வந்திருந்த நானும் அன்று விடாத மழையில் கூடப் போனேன்.

"சுத்தாத ரோதைக்கு எதுக்குக்கா வெளக்கு?"

"நீகூடத்தான் தீபாவளிக்குத் தீபாவளி வர்ற. ஒனக்குச் சோறு போடாம விட்டோமா?"

எண்ணெய்ப் போத்தலை வீட்டில் மறந்து வந்திருந்தாள். அங்கே கிடந்த பழைய போத்தலைக் கவிழ்த்ததில் திரி நனைந்தது, அவ்வளவுதான். பற்றவைத்த பிறகுதான் அந்தத் தண்ணீர் வந்தது. கதவைத் தள்ளினேன், வெளியே மண் அடைத்திருந்ததில் அசையவில்லை. மிச்சம் இருந்தது விறகுக் கொட்டகை வழி, மண்மேட்டை ஒட்டிய ஒற்றையடிப் பாதை.

"வாக்கா, பின்னால போயிருவோம்."

"வெளக்கு எரியுதுடா. இந்த எண்ணெய்க்கு ரெண்டு நிமிசம் தாங்காது. அணையட்டும், போவோம்."

அணையவில்லை. தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. அக்கா ஒரு பழைய தேயிலைப் பெட்டிமேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளை விட்டுப் போகவும் முடியாது, இருக்கவும் முடியாது.

"உசுரு போனா ஒஞ்சாமி திருப்பித் தருமா?"

"கத்தாத. அவரு நேரம் பாத்துத்தான் விடுவாரு."

சக்கரத்தை ஒட்டி இடுப்பளவு மாடத்தில் இருந்த விளக்கைக் குனிந்து ஊதிவிட்டேன். உதட்டில் சூடு படும் அளவு கிட்டத்தில் வைத்து ஊதினேன், சுடர் வளையவில்லை. மறுபடி ஊதினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல நேராக நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள், திட்டவில்லை. அவள் திட்டாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது பின்பக்கம் லொறியில் மண் கொட்டுவதுபோல ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் விறகுக் கொட்டகை இல்லை. பாதை இருந்த இடத்தில் மண் குவியலும், அதன் மேல் வேரோடு வந்து நிமிர்ந்து நின்ற ஒரு தேயிலைச் செடியும்தான். இரண்டு பக்கமும் அடைபட்டுவிட்டது. நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, வெளியே வெளிச்சம் குறைந்தது, விளக்கு மட்டும் எரிந்தது.

பிறகு அது தானாக அணைந்தது. புகைகூட இல்லை. அடுத்த மூச்சில் முன்கதவுப் பக்கம் மம்பட்டி விழும் சத்தமும் மச்சானின் குரலும் கேட்டன.

"அடியே, உள்ளுக்கா இருக்க?"

"பின்ன எங்க போவேன்? பாத்து வெட்டுங்க, உள்ள தண்ணி நிக்கிது."

மச்சானும் லயத்து ஆட்கள் நாலைந்து பேரும் எங்களை வெளியே இழுத்தார்கள். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்து மடிப்பில் எண்ணெய்ப் போத்தல் இருந்தது.

"மறந்துட்டுப் போயிட்டாளேன்னு குடுக்க வந்தேன் மாப்ள. வந்தாத்தான் மண்ணு சரிஞ்சு கெடக்கு. இல்லாட்டி எங்களுக்கு எப்பத் தெரிஞ்சிருக்குமோ."

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் நான் மட்டும் போய் விளக்கை எடுத்துப் பார்த்தேன். திரியின் நுனியில் ஓர் அரிசி அளவுக்குக் கருகியிருந்தது. மீதி, காய்ந்த வெள்ளைப் பஞ்சாகவே இருந்தது.