அடிபட்டது இருக்காண்ணே?

கடைக்குக் கத்தியோடு வருகிற ஒரே ஆள் அந்த அம்மாள்தான். பழமும் காய்கறியும் விற்கிற கடைக்காரருக்கு இது பல வருஷக் குறை. மனைவியிடம் சொல்லியாயிற்று, பக்கத்து சலூன்காரரிடம் சொல்லியாயிற்று, மூட்டை இறக்க வருகிறவர்களை நிறுத்தி வைத்தும் சொல்லியாயிற்று. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்களே தவிர ஒருத்தரும் அவருக்கு நியாயம் சொல்லவில்லை.

கத்தி என்றால் அரிவாள் அல்ல. விரல் நீளத்தில் ஒன்று. பிடி உடைந்த இடத்தில் துணி சுற்றியிருக்கும். அதற்கு ஓர் உறை உண்டு. அவள் வேலை பார்க்கிற தையல் கம்பெனியில் கழித்துப் போட்ட ஜீன்ஸ் துண்டில் அவளே தைத்தது, இரட்டைத் தையல் போட்டு. சாயங்காலச் சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் கடை வாசலில் அவள் நிழல் விழும்.

"அண்ணே, அடிபட்டது இருக்கா?"

சௌக்கியமா என்ற கேள்வியெல்லாம் கிடையாது. முகப்பில் துடைத்து அடுக்கிய பழங்களை ஏறிட்டும் பார்க்க மாட்டாள். நேரே குனிந்து, பலகைக்கு அடியில் கிடக்கிற கூடைக்குள் கையை விடுவாள். ஒரு பக்கம் நசுங்கிய தக்காளி, காம்பு கழன்ற வாழைப்பழம், இரண்டாக முறிந்த வெள்ளரி, மற்றவர்கள் தொட்டுப் பார்த்தே கன்றிப்போன கொய்யா, எல்லாம் அந்தக் கூடையில்தான் போய்ச் சேரும். தெருவே அவளை அடிபட்டக்கா என்றுதான் கூப்பிடுகிறது. அவளும் அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறாள்.

வாங்கிக்கொண்டு போனால் யாருக்கு என்ன குறை? போக மாட்டாள். ஒரு பப்பாளியை எடுப்பாள். காம்புப் பக்கம் மூக்கை வைத்து இழுப்பாள். கட்டைவிரலால் ஓர் அழுத்து. பிறகு உறையிலிருந்து கத்தி வெளியே வரும். கறுத்த இடத்தை மட்டும் வட்டமாகத் தோண்டி எடுத்து, அதைக் கடைக்காரரின் பலகைமேல் வைப்பாள். "இது உங்க பங்கு. எடையில சேர்க்காதீங்க." அப்புறம் மீதியைப் பிளந்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவாள், கடையில் நிற்கிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. "பாருங்க, உள்ள எப்படி சிவப்பா இருக்குன்னு."

கடைக்காரரால் பொறுக்க முடியாதது இதுதான். முழு விலை கொடுக்க வந்தவர்கள் அவள் கையைப் பார்ப்பார்கள், தங்கள் கையைப் பார்ப்பார்கள். ஒரு நாள் ஒரு பெண்மணி எடுத்த பழத்தை முகப்பிலேயே திரும்ப வைத்துவிட்டுக் கீழ்க் கூடைக்குக் குனிந்தாள். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"ஏம்மா, இது பழக்கடையா ஆஸ்பத்திரியா? வந்து வந்து அறுத்துக் காட்டுற."

"ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதுன்னுதாண்ணே இங்க வந்து அறுக்குறேன்."

வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். புருஷனுக்குக் கட்டட வேலை, கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் இல்லை. ஆனாலும் அவள் வீட்டுத் தட்டில் பச்சையாக ஒன்று, பழமாக ஒன்று இல்லாமல் சோறு விழுந்ததில்லை. அதற்காகக் கம்பெனிக்கு நடந்தே போவாள், டீயை விட்டுவிட்டாள், பூசணிக்காய் மலிந்தால் எல்லாரும் ஓடிப்போகிற அளவுக்குப் பூசணிக்காய் போடுவாள். முள்ளங்கி வாங்குகிறவர்கள் முறித்துப் போட்டுப் போகிற இலை அவளுக்கு ஒரு வேளைப் பொரியல். காலிஃபிளவர் தண்டைக் கடைக்காரர் மாட்டுக்கு ஒதுக்கி வைத்தால் சண்டைக்கு வருவாள். "தோலைச் சீவிட்டுத் தின்னு பாருங்க. பூவைத் தூக்கி மாட்டுக்குப் போடுவீங்க."

கம்பெனியிலும் இதே கதைதான். முழுப் பப்பாளி வாங்க அங்கே யாருக்கும் தெம்பு இல்லை. அவள் வாங்கிப் போவதை அவளுடைய வரிசையில் தைக்கிற பெண்கள் மதிய மணிக்குப் பங்கு போட்டுத் தின்பார்கள். வெட்டுகிற வேலை அவளுடையது. ஒரு கீற்று பெரிது, ஒரு கீற்று சிறிது என்ற பேச்சு இதுவரை எழுந்ததில்லை. துணி வெட்டுகிற மாஸ்டரே தோற்றார் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

முகப்பில் அவள் மறந்தும் கண்ணை ஓட்டாத இடம் மேல் வரிசை. அங்கே ஆப்பிள்கள் ஒவ்வொன்றும் வெள்ளை வலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சின்ன மகள் கூட வருகிற நாளில் அதைக் காட்டி, "அம்மா, அந்தப் பழம் மட்டும் ஏன் சட்டை போட்டிருக்கு?" என்று கேட்கும். "அதுக்குக் குளிருதாம். வா," என்று இழுத்துப் போய்விடுவாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது, கடைக்காரர் தன் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வரும் வரை.

கடையை மச்சினன் கையில் விட்டுவிட்டுப் போனார். போகிறதற்கு முன்னால், கையில் இருந்ததையெல்லாம் போட்டுப் பெரிய சரக்கு எடுத்திருந்தார். பச்சை வாழைத் தார்கள், கல்லு மாதிரி தக்காளி, பழுக்காத பப்பாளி. எல்லாம் பின்பக்க முற்றத்தில் கிடந்தன. வேண்டிய அளவு உள்ளே எடுத்துப் பழுக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விற்றால் அடுத்த சரக்கு வரை ஓடும். பழுத்ததன் மூச்சு காய்மேல் படக் கூடாது, பட்டால் எல்லாம் ஒரேயடியாகப் பழுத்துவிடும். பழ வியாபாரத்தில் இதற்குமேல் பெரிய பாடம் இல்லை. மச்சினன் வானத்தைப் பார்த்தான். கறுத்திருந்தது. அத்தனை காயையும் பின்னறைக்குள் திணித்தான். அங்கே ஏற்கெனவே பழுத்த பப்பாளிக் கூடைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே தார்ப்பாயை இழுத்து மூடி, கதவைச் சாத்திவிட்டு, பொறுப்பாக வேலை செய்த திருப்தியில் வீட்டுக்குப் போய்த் தூங்கினான். உடம்பு முடியவில்லை என்று அடுத்த இரண்டு நாளும் கடை திறக்கவில்லை.

கடைக்காரர் வந்து கதவைத் திறந்ததும் மணம் ஆளைத் தள்ளியது. இனிப்பும் சூடுமாக, அறை முழுக்க ஒரே பழம். பச்சையென்று சொல்ல ஒரு காய் மிச்சமில்லை. அடுத்த நாளைக்கு இதெல்லாம் கூழ். அதற்கடுத்த நாள் ஈ.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு மச்சான்," என்றான் மச்சினன்.

"வந்துச்சா?"

"வரல."

கடைக்காரர் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். இது போனால் அடுத்த சரக்கு எடுக்க வழியில்லை. கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு இன்னொருத்தன் கடையில் மூட்டை தூக்க வேண்டியதுதான். மனைவி தம்பியைத் திட்டவும் முடியாமல் புருஷனைப் பார்க்கவும் முடியாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. அன்று அவள் கம்பெனிக்கு லீவு போட்டிருந்தாள். தலை குளித்து ஈரத்துண்டு சுற்றியபடியே வந்திருந்தாள். தெரு முனையிலேயே மணம் பிடித்துவிட்டதாம்.

"என்னண்ணே பண்ணி வெச்சிருக்கீங்க, ஊரையே கூப்பிடுது."

"போம்மா. உன் வாய் பலிச்சிருச்சு. கடை மொத்தமும் அடிபட்டுப் போச்சு."

அவள் கேட்கவில்லை. அவரைத் தாண்டி உள்ளே போனாள். ஒரு தாரில் கை வைத்தாள். தக்காளியை உருட்டிப் பார்த்தாள். ஒரு வாழைப்பழத்தை உரித்து நின்றபடியே தின்றாள், பாதி தின்னும்போதே முகம் மாறிவிட்டது. துணிக்கடைக்குள் கூட்டிப்போன சிறுமி மாதிரி ஆகிவிட்டாள்.

"ஒண்ணுகூட அடிபடலண்ணே. எல்லாம் இன்னிக்கே தின்ன வேண்டியது, அவ்வளவுதான். வண்டி எங்க?"

"எந்த வண்டி?"

"தள்ளுவண்டி. பின்னாடி சாய்ச்சு வெச்சிருப்பீங்களே. சங்கு ஊதுறதுக்குள்ள கம்பெனி வாசல்ல நிக்கணும்."

"பேர்ப்பலகை மாட்டின கடைக்காரன் நான். தெருவில தள்ளிக்கிட்டுப் போகவா?"

"தள்ள வேணாம். நீங்க முன்னால இழுங்க. தள்றது நானு."

மனைவிதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு தாரைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டாள். அப்புறம் யாருக்கும் பேச நேரமில்லை. மச்சினன் ஓடினான், கடைக்காரர் ஓடினார். வண்டி நிறைந்து, சக்கரம் கிறீச்சிட்டு, தெருவில் இறங்கியது.

தையல் கம்பெனி வாசலில் ஒரு வசதி உண்டு. வேலை விட்டு வருகிற ஒவ்வொருத்தர் பையையும் காவலர் திறந்து பார்ப்பார். அதனால் சின்னக் கதவு வழியாக ஒவ்வொருவராகத்தான் வெளியே வர முடியும், முதலில் வந்தவர்கள் கூட்டாளிகளுக்காகக் காத்து நிற்பார்கள். சரியாக அவர்கள் காத்து நிற்கிற இடத்தில் அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். சங்கு ஊதியது. கத்தி உறையிலிருந்து வெளியே வந்தது. நல்ல பப்பாளி ஒன்றை இரண்டாகப் பிளந்து தலைக்குமேல் தூக்கினாள்.

"நாளைக்குத் தாங்காது. அதான் இந்த விலை. இன்னிக்கே தின்னுறவங்க மட்டும் வாங்க."

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த வியாபாரி சரக்கின் குறையை முதலில் சொல்வான்? ஆனால் கூட்டம் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வந்தது. அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பது அவள் கைக் கீற்றைத் தின்ற எல்லாருக்கும் தெரியும்.

"அயர்ன் தாத்தா, இந்த வாழைப்பழத்துக்குப் பல்லே வேணாம், நாக்கு போதும். ஏய் பட்டன் பொண்ணு, ஒரு சீப்பு வாங்க முடியலன்னா மூணு பேரு சேருங்கடி, நான் பிரிச்சுத் தர்றேன். தக்காளி வாங்கினவங்க ராத்திரியே வதக்கி வெச்சிருங்க, விடிஞ்சப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

பை இல்லாதவர்கள் டிபன் டப்பாவைத் திறந்தார்கள். டப்பா நிறைந்தவர்கள் துப்பட்டாவில் முடிந்தார்கள். ஒருத்தி தலைக்கவசத்தில் தக்காளியை நிரப்பிக்கொண்டு புருஷன் வண்டியில் ஏறினாள். "அவரு தலைக்கு?" என்று யாரோ கேட்க, "அது ஏற்கெனவே கெட்டுப்போனது," என்றாள். பை சோதிக்கிற காவலர் சோதனையை விட்டுவிட்டு வந்து ஒரு சீப்பை வாங்கிக்கொண்டு போனார், போகும்போதே உரித்தார். மச்சினன் தராசில் போடுவதற்குள் கைகள் வந்து அள்ளின.

கடைக்காரர் ஓரமாகத்தான் நின்றிருந்தார். எப்போது வண்டிமேல் ஏறினார் என்று அவருக்கே தெரியாது. கடை வைத்ததிலிருந்து கூவாத தொண்டை. முதலில் இருமல் மாதிரி ஒன்று வந்தது, பிறகு குரல் வந்தது, அது கம்பெனிச் சுவரில் பட்டுத் திரும்பியது. அவள் பப்பாளி வெட்டி ஓயவில்லை. இன்னும் கைகள் நீண்டன.

"கத்தியைக் குடும்மா," என்றார்.

அவள் தந்தாள். அவர் அறுத்தார். பிளந்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "பாருங்க, உள்ள எப்படி சிவப்பா இருக்குன்னு," என்று கத்தினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது.

வண்டியில் வாழைத்தார்க் காம்பும் நனைந்த செய்தித்தாளும்தான் மிச்சம். திரும்பி வந்து கடை விளக்கைப் போட்டார்கள். அடுத்த சரக்குக்கு வழி பிறந்துவிட்டது. கடைக்காரர் முகப்பின் மேல் வரிசைக்குக் கையை நீட்டி, வலை போட்டதில் பெரிய ஆப்பிளாக ஒன்றை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம்ணே."

"காசு கேட்டேனா?"

"அதான் வேணாங்கிறேன். ஓசியில வாங்கிட்டா நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்ககிட்ட சண்டை போடுறது?"

"அப்ப காசு குடுத்து வாங்கு."

"முகப்புப் பழத்துக்குக் குடுக்க என்கிட்ட ஏது?"

கடைக்காரர் நீட்டிய கையை மடக்கவில்லை. அவளும் போகவில்லை. அவள் கண் அந்த வெள்ளை வலையிலேயே இருந்தது. வீட்டில் கேட்கிற சின்ன வாய் ஒன்று இருக்கிறது. இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, கீழ்க் கூடையின் விலைக்குச் சில்லறை பொறுக்கிப் பலகைமேல் வைத்தாள். கத்தியை உறையிலிருந்து உருவி வைத்துக்கொண்டு, சிமெண்டுத் தரையைக் காட்டினாள்.

"சட்டையைக் கழட்டிட்டு அதைக் கீழ போடுங்கண்ணே. மெதுவா. ஒரு பக்கம் மட்டும் அடிபடுற மாதிரி."