குழாய்க்காரர் மூடிய மெயின் வால்வு

எங்கள் வட்டாரத்துக் குழாய்க்காரர் பயம் அறியாதவர் என்று பேர் வாங்கியவர். நாலாவது மாடிச் சுவரில் கயிற்றைக் கட்டித் தொங்கிக்கொண்டே பீடி கேட்டவர். அந்தப் பேரை ஒரு ரத்தப் பரிசோதனைக் காகிதம் ஒரே காலையில் கெடுத்துவிட்டது.

ஒன்றரை வருடத்துக்கு முன் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். கொடுத்தது அக்கா, தையல் கடையில் பட்டன் தைப்பவர். அன்றிலிருந்து போனில் அக்கா முதலில் கேட்பது, "என் கிட்னி எப்படிடா இருக்கு?" தம்பியின் நலம் அதற்கு அப்புறம்தான், ஞாபகம் வந்தால்.

காகிதத்தைப் பார்த்த டாக்டரம்மா, "கொழுப்பு ஏறியிருக்கு. புதுக் கிட்னியை உடம்பு தள்ளிடாம இருக்கக் குடுக்கற மாத்திரைங்களே இப்படிப் பண்ணும். நிறைய பேருக்கு வர்றதுதான்" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. குழாய்க்காரர் அப்போது மனசுக்குள் ஒரு ஓட்டல் சமையலறைக் குழாயை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சோப்புக்கட்டி மாதிரி வெள்ளைக் கொழுப்பு, நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. முப்பது வருடமாக அவர் அறுக்கும் குழாய்தான். இப்போது அது தன் நெஞ்சுக்குள் ஓடுகிறது!

எங்கே கோளாறு என்றாலும் முதலில் மெயின் வால்வை மூடு, அப்புறம் யோசி: இதுதான் அவர் தொழில் சாஸ்திரம். சாஸ்திரப்படி அந்த மாத்திரைகளை நிறுத்தினார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு வீட்டு சிங்க்குக்கு அடியில் படுத்திருந்தபோது வலது அடிவயிறு கனத்தது. புதுச் சிறுநீரகம் குடியிருக்கும் இடம். தொட்டார்; சுடுகிற மாதிரி இருந்தது. ஒப்பிட இடப்பக்கம் தொட்டார். அதுவும் போதாதென்று குழாயைத் தொட்டார்.

வீட்டுக்கார அம்மா குனிந்து பார்த்தார். "என்னங்க, குழாய்க்குக் காய்ச்சலா?"

அவர் சிரிக்கவில்லை. ஸ்பேனரைப் போட்டுவிட்டு அக்காவுக்கு போன் செய்தார்.

"அக்கா, திட்டாதே."

"என் கிட்னியை என்னடா பண்ணினே?"

சொன்னார். "ஆஸ்பத்திரிக்குப் போ. நான் வர்றேன்." திட்டாத அக்காவை அவர் அன்றுதான் முதல்முறை கேட்டார்.

கழுத்தில் அளவு நாடாவோடு அக்கா ஓடி வந்தார். ரத்தம் எடுத்தார்கள். பெஞ்சில் இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"போயிடுச்சுன்னா?" என்றார் தம்பி.

"என்கிட்ட இன்னும் ஒண்ணுதான் இருக்கு. அதுல கண் வைக்காதே." அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினார்.

டாக்டரம்மா வந்தார். "கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் ஏறியிருக்கு. ஒண்ணு புள்ளி மூணு இருந்தது, இப்ப ஒண்ணு புள்ளி எட்டு. இன்னும் நாலு நாள் விட்டிருந்தீங்கன்னா..." வாக்கியத்தை முடிக்கவில்லை. உப்பு, எண்ணெய் பற்றியெல்லாம் முழு நீளத்துக்குப் பேசுகிறவர் அவர். "அட்மிட் ஆகுங்க. கொழுப்புக்குச் சின்ன அளவுல தனி மாத்திரை இருக்கு, அன்னிக்கே சொன்னேனே?"

நாலு நாள் ஊசி. காலையில் ரத்தம், மத்தியானம் எண். ஒண்ணு புள்ளி எட்டு. மறுபடி எட்டு. ஏழு. ஐந்து.

"பிழைச்சுது" என்றார் டாக்டரம்மா. "பழைய எண்ணுக்கு வருமான்னு சொல்ல முடியாது."

நர்ஸ் கொழுப்பு மாத்திரையையும் சேர்த்துக் கை நிறைய நீட்டினார். தண்ணீர் ஊற்ற அக்கா திரும்புவதற்குள் குழாய்க்காரர் அத்தனையையும் விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து அக்காவிடம் காட்டினார்.